கார்த்திகையில் வெட்டு, பங்குனியில் மொட்டு: வீட்டு மல்லிகைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. மல்லிகை அதுவரை பொறுப்பதில்லை. மாசி பாதியில் வெயில் லேசாக உறைக்கத் தொடங்கியதுமே கிளை நுனிகளில் கடுகளவில் பச்சை மொட்டுகள் தலைகாட்டிவிடும். பங்குனியில் பூக்க ஆரம்பித்தால் சித்திரை, வைகாசி முழுக்கப் பறித்து மாளாது. மதுரை, திண்டுக்கல் பக்கம் மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரங்களைத் தொடும் பூ, சித்திரையில் கேட்பாரில்லாமல் விலை சரிவதும் இதனால்தான்.

ஆனால் எத்தனையோ வீடுகளில் இந்தக் கொண்டாட்டம் நடப்பதே இல்லை. செடி ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். காலையில் போய்த் தேடினால் நாலு பூ. "தினமும் தண்ணி ஊத்துறேன், உரம் போடுறேன், பூக்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலில், செடியைக் குறைவாகக் கவனித்தவர்களை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் அதிகமாகக் கொஞ்சியவர்கள்தான்.

விஷயம் இதுதான். மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை, புதிதாகத் துளிர்த்து வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கிறது. எத்தனை புதுக் கிளையோ அத்தனை கொத்து. பழைய கிளையை வெட்டினால்தான் புதுக் கிளை வரும். வெட்ட மனசு வராதவர் வீட்டில் பூவும் வராது. பங்குனிப் பூவுக்கான வேலையைக் கார்த்திகையிலேயே தொடங்க வேண்டும். அதை மாதவாரியாகப் பார்ப்போம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த மல்லி?

எல்லாவற்றையும் மல்லி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வெட்டும் மாதம் செடிக்குச் செடி மாறும். அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

குண்டுமல்லி: உருண்டை மொட்டு, தடித்த பளபளப்பான இலை, புதர் மாதிரி வளரும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இந்த இனம்தான். அடுக்குமல்லியும் இருவாட்சியும் இதே குடும்பம், இதழடுக்குதான் கூடுதல். இந்த வழிகாட்டி பெரும்பாலும் குண்டுமல்லியைப் பற்றியது.

முல்லை: சின்ன இலை, மெல்லிய கூரான மொட்டு, கொடி. பாரி தேரைக் கொடுத்தது இதற்குத்தான். குண்டுமல்லியாக இருந்திருந்தால் தேர் தப்பியிருக்கும், அது தானாகவே நிற்கும். வீட்டில் முல்லைக்குத் தேர் வேண்டாம், பந்தலோ ஜன்னல் கம்பியோ போதும்.

ஜாதிமல்லி: தென்மாவட்டங்களில் பிச்சி. இலை இறகு மாதிரிப் பிரிந்திருக்கும், மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கவாத்துக் காலம், அதாவது கிளைகளை வெட்டிவிடும் காலம், இப்படி: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்தில் அதே உயரத்தில், முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் 45 சென்டிமீட்டரில். இது தோட்டத்து மண்ணில் நிற்கும் செடிக்கான அளவு. தொட்டிச் செடி என்றால் மண்மட்டத்திலிருந்து ஓர் அடி விட்டு வெட்டலாம்.

இடமும் தொட்டியும்

வெயில் இல்லையென்றால் கீழே சொல்லப்போகும் எதுவும் பலிக்காது. ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் குண்டுமல்லி வைத்துக்கொண்டு உரக்கடைக்கு நடப்பதைவிட, அந்த இடத்தில் வேறு செடி வைப்பது மேல். பக்கத்தில் புது மாடி எழும்பிய பிறகு பூ நின்றுபோன செடிகள் நகரத்தில் ஏராளம். அவற்றுக்கு மருந்து, இடம் மாற்றுவதுதான். ஏப்ரல், மே உச்சி வெயிலையும் மல்லி தாங்கும். வேர்தான் தாங்காது. மொட்டைமாடித் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள். அடியில் காற்றோடும், தண்ணீரும் வடியும்.

தொட்டி 15 முதல் 18 அங்குல வாய் இருக்கட்டும். க்ரோ பேக் என்றாலும் அதே அளவு. மண்கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம், இதோடு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மணல் கிடைக்காத ஊரில் எம்-சாண்டைக் கழுவிச் சேர்க்கிறார்கள், பரவாயில்லை. தென்னைநார்க் கழிவை மட்டும் அளவோடு சேருங்கள். மாடியில் எடை குறையும் என்று பாதிக்குப் பாதி போட்டால் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும்.

கார்த்திகை: வெட்டு

வெட்டுவதற்குச் சில நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள். செடி வாட வேண்டியதில்லை, மண் மேலாகக் காய்ந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும் கடலோர ஊர்களில் இது நடக்கிற காரியமில்லை. சென்னையிலும் கடலூரிலும் நாகையிலும் நவம்பர் கடைசி வாரம் என்று பிடிவாதம் பிடிக்காமல், மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் வேளைக்காகக் காத்திருக்கலாம். டிசம்பர் நடு வரை போனாலும் தவறில்லை. வெட்டிய காயம் நனைந்துகொண்டே இருந்தால் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகி வரும்.

வெட்டும் வரிசை இது. முதலில் காய்ந்த கிளை, நோய்பட்ட கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று உரசும் கிளை, பென்சில் தடிமனுக்குப் பாதிகூட இல்லாத நோஞ்சான் குச்சிகள், இவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் நல்ல கிளைகளைச் சொன்ன உயரத்தில், ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். கணு செடியின் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் துளிர் வெளிப்பக்கமாகப் போகும், நடுவில் காற்றும் வெளிச்சமும் புகும். கடைசியாக, எஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். பூச்சியின் முட்டையும் பூஞ்சையும் தங்குவது அந்தப் பழைய இலைகளில்தான்.

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். சமையலறைக் கத்தரியால் நசுக்கிப் பிய்ப்பதுதான் பாதிச் செடிகள் காய்வதற்குக் காரணம். விரல் தடிமனுள்ள வெட்டுகளில் மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். மெல்லிய வெட்டுகளுக்கு எதுவும் வேண்டாம்.

இப்போது மொட்டைக் குச்சிகளாக நிற்கும் செடியைப் பார்த்து வீட்டிலிருப்பவர்கள் திட்டுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய வாரமே: வேரும் உரமும்

இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே தொட்டியில் இருக்கும் செடியைச் சாய்த்து உருவிப் பாருங்கள். வேர் சுவரோரமாகச் சுருண்டு சுருண்டு பாய் பின்னியது போல இருந்தால், வெளிச்சுற்றிலும் அடியிலும் இரண்டு அங்குலம் வேரைச் சீவிவிட்டு, புது மண்கலவை போட்டுத் திரும்ப நடுங்கள். மேலே கிளையைக் குறைத்திருக்கும் இந்த வேளையில்தான் வேரையும் குறைக்கலாம். பங்குனியில் மொட்டோடு இருக்கும்போது இதைச் செய்தால் மொட்டு முழுக்க உதிரும்.

உரத்தில் பலர் சறுக்குவது தழைச்சத்தில், அதாவது இலையை வளர்க்கும் நைட்ரஜனில். வேளாண் பல்கலைக்கழகம் நிலத்தில் நிற்கும் குண்டுமல்லி ஒன்றுக்கு வருடத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று கணக்கிட்டு, கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் மீதி என இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். வீட்டிலோ யூரியாவும், வாராவாரம் கடலைப்புண்ணாக்குக் கரைசலும், மாட்டுச்சாணமும் என எல்லாமே தழைச்சத்தாகப் போகிறது. செடி இலையாகக் கொழுக்கிறது, பூவை மறந்துவிடுகிறது.

தொட்டிக்கு நான் சொல்வது எளிமையானது. வெட்டிய ஒரு வாரத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி எலும்புத்தூள், அரைக் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடி, தண்ணீர் ஊற்றுங்கள். எலும்புத்தூள் மெதுவாகக் கரைவது. மாசியில் மொட்டைப் பார்த்துவிட்டுப் போட்டால் அந்த சீசனுக்கு உதவாது, அதனால்தான் இப்போதே.

மார்கழி, தை: பொறுமை, பிறகு கிள்ளு

வெட்டிய இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் துளிர் தெரியும். மார்கழிப் பனியில் அது ஆமை வேகத்தில்தான் நகரும். அவசரப்பட்டு உரத்தைக் கூட்ட வேண்டாம், தண்ணீரையும் மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர்ச் செலவே கிடையாது. பழக்க தோஷத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

தை மாதத்தில் துளிர்கள் நாலைந்து ஜோடி இலை விட்டதும், நுனியை நகத்தால் ஒரே ஒருமுறை கிள்ளிவிடுங்கள். ஒரு கிளை இரண்டாகும், மூன்றாகும். பூக்கொத்தின் எண்ணிக்கையைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பிப்ரவரி நடுவுக்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் கிள்ளினால் கிள்ளுவது துளிரை அல்ல, உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் மொட்டை. முல்லை வைத்திருப்பவர்களுக்குத் தை நடுதான் கவாத்து நேரமே, அவர்கள் கிள்ள அவசரப்பட வேண்டாம்.

மாசி: மொட்டு வைக்கும் நேரம்

இந்த மாதத்தில்தான் உரத்தின் திசையை மாற்ற வேண்டும். சாணக் கரைசலையும் கடலைப்புண்ணாக்கையும் நிறுத்துங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலையில் தெளிக்கலாம், கொஞ்சம் வேரிலும் ஊற்றலாம். ரசாயன உரத்தில் மறுப்பில்லாதவர்கள் பொட்டாஷ் ஒரு டீஸ்பூனைத் தொட்டியின் ஓரமாகத் தூவித் தண்ணீர் விட்டால் போதும்.

வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அதில் சாம்பல்சத்து கொஞ்சம் உண்டு, கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி வெட்டாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. அடுப்புச் சாம்பலைத்தான் நான் வேண்டாம் என்பேன். சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். ஏற்கெனவே உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறையைத்தான் கொண்டுவரும்.

அந்தப் பற்றாக்குறையை அடையாளம் காண்பது சுலபம். புதிதாக வரும் நுனி இலைகள் வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடியிலுள்ள பழைய இலைகள் மஞ்சளாவது வேறு கதை, அது பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதாலோ தழைச்சத்துக் குறைவாலோ வருவது. நுனி மஞ்சளுக்கு அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலத்தில் இலைகளில் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. கரைசலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு சீக்கிரம் துருவாக மாறாது. தரையில் சிந்தினால் டைல்ஸில் துருக்கறை விழும், செடியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள். கையில் மழைநீரோ ஆர்.ஓ. கழிவு இல்லாத நல்ல தண்ணீரோ இருந்தால் அதை மல்லிக்கு ஒதுக்குங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்; அதைச் சேமித்துச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போலத் தெரியும், மல்லிக்கு அது ஆகாது.

பங்குனி முதல் வைகாசி: பறிப்பும் பின்வெட்டும்

குண்டுமல்லியின் கிளை நுனியில் மொட்டுகள் பெரும்பாலும் மும்மூன்றாக வரும். நடு மொட்டு முதலில் முற்றும், பக்க மொட்டுகள் சில நாள் கழித்து. பச்சை விலகி வெள்ளையாகி, உருண்டு, ஆனால் இன்னும் விரியாத மொட்டுதான் பறிக்கும் பக்குவம். பொழுது புலரும்போதே பறித்துவிடுங்கள். வெயில் பட்ட மொட்டு சீக்கிரம் வாடும். காலையில் பறித்த மொட்டை ஈரத்துணியில் மூடி வைத்துப் பிற்பகலில் வாழைநாரிலோ நூலிலோ கட்டினால், சாயங்காலம் தலையிலேயே விரியும். மணம் முழுதாக வெளிவருவதும் அந்த நேரத்தில்தான்.

இனி ஒரு விஷயம், பலரும் விட்டுவிடுவது. ஒரு கிளையில் மொட்டெல்லாம் பறித்து முடிந்ததும் அந்தக் கிளையை அப்படியே விடாதீர்கள். பூத்த நுனிக்குக் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்து வெட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் துளிர் வேகமாக வரும். ஐந்து, ஆறு வாரத்தில் அதே கிளையில் இரண்டு மூன்று புது நுனிகள், அவற்றில் மறுபடி மொட்டு. பங்குனியில் பூத்துச் சித்திரையில் ஓய்ந்துபோகும் செடிக்கும், ஆடி வரை பூக்கும் செடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சின்ன வெட்டுதான். கொத்தோடு சேர்த்துப் பறிக்கும் பழக்கமுள்ள பாட்டிமார்கள் வீட்டுச் செடி ஏன் எப்போதும் பூக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

தண்ணீர் காலையில் ஒருமுறை, அடியில் வடியும்வரை. மாடித் தொட்டிக்கு ஏப்ரலுக்குப் பிறகு சாயங்காலமும் தேவைப்படலாம். மண்ணில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மொட்டு வைத்திருக்கும்போது ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மொட்டுகள் கொத்தாக உதிரும். மேல்மண்ணைத் தேங்காய் மட்டைத் துண்டு, சருகு, காய்ந்த புல் எது கிடைக்கிறதோ அதால் மூடி வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

மொட்டைக் கெடுப்பவை

மொட்டில் ஓட்டை இருந்து, பக்கத்து மொட்டுகள் நூலாம்படையால் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டுப்புழு. பச்சைநிறச் சின்னப் புழு, ஒரு மொட்டைக் குடைந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். வீட்டுச் செடிக்குக் கைதான் நல்ல மருந்து: அந்தக் கொத்தைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், செடிக்கடியில் உதறாதீர்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வாரம் ஒருமுறை வெயில் தாழ்ந்த பிறகு. பறிக்கப்போகும் மொட்டில் பட்டால் பூவில் வேப்பெண்ணெய் வாடை அடிக்கும், அன்றைய பறிப்பை முடித்துவிட்டுத் தெளிப்பது புத்திசாலித்தனம்.

மொட்டு அடியில் வீங்கி, ஊதா நிறமாகி, விரியாமலே காய்ந்து உதிர்கிறதா? அது மொட்டு ஈ. கொசுவைவிடச் சின்னது, மொட்டுக்குள் முட்டையிடும். புழு வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும், அதனால் செடியில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. ஊதா மொட்டுகளையும் கீழே உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி அழித்து, மேல்மண்ணைக் கிளறி வெயில் படவிட்டு, வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்துவிடுங்கள்.

இலை மேல்புறம் மணல் தூவியதுபோல் வெளிர்ப் புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்தி. காய்ந்த வெயில்தான் அதற்குப் பிடித்த காலம். இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பூச்சியும் இல்லை, வெயில் இருக்கிறது, வெட்டியாயிற்று, ஆனாலும் பூவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். தொட்டி வேரால் அடைத்திருக்கும், அல்லது நட்டு ஒரு வருடம்கூட ஆகாத இளஞ்செடியாக இருக்கும். இளஞ்செடியிடம் முதல் வருடம் பூ எதிர்பார்க்காமல் கிள்ளிக் கிள்ளிக் கிளை சேர்ப்பதுதான் சரி.

ஆனி, ஆடியும் அதற்குப் பிறகும்

ஜூன், ஜூலையில் இரண்டாம் தவணை உரம். கவாத்தின்போது கொடுத்த அதே அளவு. மழை தொடங்கியதும் பூ குறையும், அதை உரம் போட்டுத் துரத்த வேண்டாம்.

புதுச் செடி உண்டாக்க இதுதான் காலம். மல்லிக்குப் பெரும்பாலும் விதை பிடிக்காது, குச்சிதான் வழி. மதுரை மல்லிக்கே நாற்று வெளியிலிருந்துதான் போகிறது: ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் குச்சி ஊன்றி வேர்பிடிக்க வைத்து, கட்டுக் கட்டாக மற்ற மாவட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த மணலில் இருக்கிறது பாடம். பென்சில் தடிமனில், பச்சையும் இல்லாமல் முற்றிய மரமும் ஆகாத கிளையில், மூன்று நாலு கணு வருமாறு அரையடி நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மணல் அதிகமுள்ள கலவையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பி இழுத்துப் பார்க்காதீர்கள், துளிர் முதலில் வரும், வேர் அப்புறம்தான். ஒன்றரை மாதம் கழித்து எடுத்து நடலாம். ஐந்தாறு குச்சி சேர்த்து ஊன்றுங்கள், பிழைப்பதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

நர்சரியில் வாங்குவதென்றால் பங்குனி, சித்திரையில் மொட்டோடு நிற்கும்போதே வாங்குங்கள். குண்டுமல்லி என்று சொல்லி அடுக்குமல்லியைக் கொடுத்தால் அப்போதுதான் தெரியும்.